இரட்டை எஞ்சின் படகில் புல்லிங் குறைந்தால் எங்கே தேடுவது

கிருஷ்ணகிரி பைபாஸ் பக்கம் டீசல் பட்டறை வைத்திருப்பவனுக்குப் படகைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். எங்கள் பக்கம் படகு என்றால் ஒகேனக்கல் பரிசல்தான் ஞாபகத்துக்கு வரும், அதில் எஞ்சினே கிடையாது. ஆனால் இந்தப் பக்கம் லாரியிலும் டிராக்டரிலும் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்ட பையன்கள் நிறையப் பேர் இப்போது துபாய், மஸ்கட் படகுத்துறைகளில் வேலை பார்க்கிறார்கள். ஊரில் பட்டறை போடுவதற்கு முன்னால் நானும் அங்கே அதே வேலையில்தான் இருந்தேன். அதனால் வார விடுமுறை வந்தால் போன் வந்துவிடும். "அண்ணா, ரெண்டு எஞ்சின் போட்ட படகு. ஒரு பக்கம் புல்லிங் இல்லைண்ணா. நாசிலைக் கழட்டிடட்டுமா?"

கழட்டாதே தம்பி. புல்லிங், அதாவது எஞ்சினின் இழுவை, குறைந்தால் நாசில் (டீசலைப் பீய்ச்சும் முனை), பம்ப், டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் விசிறி) எல்லாம் கடைசி. லாரி மெக்கானிக்குக் கிடைக்காத ஒரு வசதி உன் கையில் இருக்கிறது. கெட்ட எஞ்சினுக்குப் பக்கத்திலேயே அதே கம்பெனி, அதே மாடல், அதே வயது, அதே கடலில் ஓடுகிற நல்ல எஞ்சின் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதைவிட நல்ல அளவுகோல் எந்தப் புத்தகத்திலும் இல்லை. எங்கள் ஊர் மாம்பழக்கூழ் ஆலைகளில் சீசன் நேரத்தில் ஜோடியாக ஓடும் ஜெனரேட்டர்களிலும் இதே வழியைத்தான் பிடிப்பேன். இரண்டு பக்கமும் ஒரே அளவை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், எங்கே வித்தியாசம் தொடங்குகிறதோ அங்கேதான் கோளாறு.

இங்கே எழுதுவது பெரும்பாலும் டீசல் இன்போர்டு பற்றி, அதாவது எஞ்சின் படகின் உள்ளே இருந்து, ஷாஃப்ட் அடிப்பக்கம் வழியாகப் போய் புரொப்பெல்லரைச் சுற்றுகிற வகை. பெட்ரோலுக்கு இடையில் சில வரிகள் உண்டு.

லாரி பழக்கத்தில் வருகிறவர்களுக்கு முதலில் ஒன்று புரிய வேண்டும். சேலத்திலிருந்து தர்மபுரி வரும் லாரி தொப்பூர் கணவாயில் மூச்சு வாங்கினாலும், மேலே ஏறிவிட்டால் சமதளம் வந்துவிடும். படகுக்கு அந்தச் சமதளமே கிடையாது, கிளம்பியதிலிருந்து நிற்கும்வரை கணவாய்தான். அதனால் லாரியில் தெரியாத சின்னக் குறைகூட படகில் உடனே தெரியும். கணக்காகவே சொல்லலாம். புரொப்பெல்லர் கேட்கும் சக்தி, சுற்றின் மும்மடிப் பெருக்கத்தை (சுற்று × சுற்று × சுற்று) ஒட்டி ஏறுகிறது. 2,400 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு இத்தனை சுற்று) தொட வேண்டிய எஞ்சின் 2,160-லேயே நின்றுவிட்டால், சுற்றில் குறைவு பத்து சதவீதம்தான். ஆனால் புரொப்பெல்லருக்குப் போய்ச்சேரும் சக்தியில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது. "200 ஆர்பிஎம் தானே குறையுது, பரவாயில்ல" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஸ்பேனர் எடுக்கும் முன் கேட்க வேண்டியது

போனில் நான் கேட்கும் முதல் கேள்வி: குறைந்தது ஒன்றா, இரண்டுமா? இரண்டும் சேர்ந்து குறைந்தால் பொதுவான காரணத்தைத் தேடுங்கள். அடிப்பக்கம் பாசியும் பார்னக்கிளும் (கெட்டியாக ஒட்டிக்கொள்ளும் ஓடுள்ள கடல் உயிர்) பிடித்திருக்கும், இரண்டும் ஒரே டேங்கில் கெட்ட டீசல் குடித்திருக்கும், எஞ்சின் அறைக்குக் காற்று போதாமல் இருக்கும், அல்லது ஓனர் புதிதாக ஜெனரேட்டர், ஏசி, கூடுதல் தண்ணீர் டேங்க் என்று எடையை ஏற்றியிருப்பார். இரண்டு எஞ்சினுக்கும் ஒரே நாளில் நாசில் கெட்டுப்போவது நடக்காத காரியம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, நிறையப் பேர் விழுவார்கள். ஒரு எஞ்சின் இளைத்தால் படகின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் நல்ல எஞ்சினின் புரொப்பெல்லருக்குச் சுமை கூடும். அதுவும் தன் முழுச் சுற்றைத் தொடாது, கரும்புகைகூடத் தள்ளும். தண்ணீர்மேல் எழும்பி ஓடும் வேகப்படகுகளில் இது இன்னும் மோசம், ஒரு பக்கம் இளைத்தால் படகு எழும்பவே எழும்பாது. பார்ப்பவர் புகை விடுகிற எஞ்சினைத்தான் நோயாளி என்று நினைத்துப் பிரிக்கத் தொடங்குவார். நோயாளியோ பக்கத்தில் சுத்தமான புகைபோக்கியோடு சாதுவாக ஓடிக்கொண்டிருக்கும்.

அதிலிருந்து தப்ப, ஒப்பிடுவதை முழு வேகத்தில் தொடங்காதீர்கள். படகு மெதுவாகப் போகும் சுற்றில், உதாரணமாக 1,400 அல்லது 1,500-ல், இரண்டையும் ஒரே ஆர்பிஎம்முக்குக் கொண்டுவாருங்கள். இப்போது எந்தப் பக்கத்து லீவர் அதிகம் முன்னால் போயிருக்கிறது? எலக்ட்ரானிக் எஞ்சினாக இருந்தால் திரையில் மணிக்கு எத்தனை லிட்டர், எத்தனை சதவீத லோடு என்று காட்டும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே சுற்றில் ஒரு பக்கம் மட்டும் அதிக டீசல் குடித்தால் அந்தப் பக்கம் ஏதோ பிடித்து இழுக்கிறது. கயிறு, வளைந்த இலை, இறுகிய ஷாஃப்ட் என்று கீழே தேட வேண்டும். நடுச்சுற்றில் இரண்டும் சமமாக இருந்து, மேலே போகும்போது மட்டும் ஒன்று நின்றுவிட்டால் அதற்குத் தீனி போதவில்லை. டீசலா காற்றா என்று அடுத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது கேள்வி, திடீரென்றா, கொஞ்சம் கொஞ்சமாகவா? திடீரென்று என்றால் கயிறு, வலை, கழன்ற ஹோஸ், உடைந்த கேபிள். மாதக்கணக்கில் மெதுவாக என்றால் அழுக்கு, துரு, தேய்மானம். ஓடத் தொடங்கி அரை மணி நேரம் நன்றாக இருந்து அப்புறம் இளைத்தால் டேங்கின் காற்றுத்துளை அல்லது உறிஞ்சும் குழாய் என்று நான் பாதி முடிவுக்கு வந்துவிடுவேன்.

மூன்றாவது, கடைசியாக யார் எதைத் தொட்டார்கள்? சர்வீஸ் முடிந்து வந்த மறுநாள் கோளாறு என்றால், சர்வீஸில் தொட்ட இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இதைக் கேட்கக் கூச்சப்படக் கூடாது.

மீட்டரும் கேபிளும்

ஆர்பிஎம் மீட்டர் பொய் சொல்லும். பல எஞ்சின்களில் அது ஆல்டர்னேட்டரிலிருந்து கணக்கெடுக்கிறது. பெல்ட் வழுக்கினால் எஞ்சின் நன்றாக ஓடினாலும் மீட்டர் குறைவாகக் காட்டும். கையில் பிடிக்கிற ஒளி டாக்கோமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். கிராங்க் புல்லியில் பளபளக்கும் டேப் ஒரு துண்டு ஒட்டி, வெளிச்சத்தைக் காட்டி, இரண்டு எஞ்சினையும் அளந்துவிட்டு மேலே பேசலாம்.

அடுத்தது கேபிள். எஞ்சின் நிறுத்தத்தில் இருக்கும்போதே ஒருவர் மேலே லீவரை முழுக்கத் தள்ள, நீங்கள் கீழே பம்ப் பக்கம் நின்று பாருங்கள். பம்பின் கை, கடைசி ஸ்டாப் ஸ்க்ரூவைத் தொடுகிறதா? இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால்கூட முழு டீசல் போகவில்லை என்று அர்த்தம். உப்புக் காற்றில் கேபிளின் உள்கம்பி துருப்பிடித்து நீளும், கிளிப் தளரும், மேலே லீவர் முட்டி நிற்கும், கீழே எஞ்சினுக்குச் செய்தி போயிருக்காது. பத்து நிமிஷ வேலை. இதைப் பார்க்காமல் பம்பைக் கழற்றிக் கடைக்கு அனுப்புகிறவர்கள் ஊரிலும் இருக்கிறார்கள், அங்கேயும் இருக்கிறார்கள்.

கேபிள் சரி என்றால் நியூட்ரலில் ஒருமுறை ரேஸ் பண்ணிப் பாருங்கள். லோடு இல்லாமல் புத்தகத்தில் சொன்ன உச்சச் சுற்று வந்துவிட்டால் கவர்னரும் (சுற்றைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) கேபிளும் சரி. அதற்குமேல் அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. லோடு இல்லாத எஞ்சினுக்குக் கொஞ்சம் டீசல் போதும், பாதி அடைத்த ஃபில்டர்கூட அதைக் கொடுத்துவிடும். மற்றபடி எல்லா அளவும் கடலில், கியரில், சுமையோடு எடுக்க வேண்டும். படகைத் துறையில் கட்டிப்போட்டுக் கியரில் முழு ரேஸ் கொடுப்பது வேண்டவே வேண்டாம். கயிறு அறுந்தால் ஆளை வெட்டும். அதோடு, நகராத படகில் புரொப்பெல்லருக்குச் சுமை அதிகம், நல்ல எஞ்சினே முழுச்சுற்று தொடாது. அந்த அளவை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

புகை சொல்வது

கரும்புகை என்றால் டீசல் போகிறது, எரிக்கக் காற்று போதவில்லை அல்லது சுமை அதிகம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை கொஞ்சம் ஏமாற்றும். படகின் புகைபோக்கியில் கடல்நீர் கலந்து வெளியே வருவதால் குளிர்காலையில் ஆவி தெரியும், அது கணக்கில்லை. நேரம் ஆகியும் வெள்ளையாக, டீசல் வாசத்தோடு, கண் எரிகிற மாதிரி வந்தால் எரியாத டீசல்.

ஆனால் போனில் நான் ஆசையோடு கேட்கிற பதில் "புகையே இல்லண்ணா". சுற்று ஏறவில்லை, புகையும் இல்லை என்றால் எஞ்சின் பட்டினி கிடக்கிறது. நேராக டீசல் லைனுக்குப் போகலாம்.

டீசல் லைன்

என் அனுபவத்தில் புல்லிங் புகாரில் பெரும்பாலானவை இங்கேதான் முடியும். அதனால் இங்கே நிதானமாகப் போவோம்.

டேங்கிலிருந்து எஞ்சினுக்கு வரும் வழியில் முதலில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர், அடியில் கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். அதைத் திறந்து ஒரு டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் வையுங்கள். நல்ல டீசல் தெளிவாக இருக்கும். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும், இரண்டுக்கும் நடுவே கோடு போட்ட மாதிரி தெரியும். அந்தக் கோட்டில் கறுப்பாக, வழவழவென்று நூல் நூலாகத் தொங்கினால் டேங்கில் கிருமி வளர்ந்திருக்கிறது. டீசலும் தண்ணீரும் சந்திக்கிற இடம்தான் அதற்கு வீடு. ஈரக்காற்று அடிக்கிற ஊரில் படகைப் பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்தினால், டேங்கின் உள்சுவரில் வேர்த்து வடிந்த தண்ணீரே அதற்குப் போதும். ஃபில்டர் மாற்றினால் ஒரு வாரம் ஓடும், மறுபடி அடைக்கும். டேங்கைச் சுத்தம் செய்கிறவரை அது தீராது.

இப்போது வேக்குவம் கேஜ், அதாவது பம்ப் எவ்வளவு கஷ்டப்பட்டு உறிஞ்சுகிறது என்று காட்டும் மீட்டர். ஃபில்டருக்கும், டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் ஒரு டீ (மூன்று வாய் இணைப்பு) போட்டு மாட்ட வேண்டும். இரண்டு எஞ்சினுக்கும் நிரந்தரமாகவே போட்டுவிட்டால் இன்னும் நல்லது. நியூட்ரலில் முள் அசையாது. கடலில் முழு லோடில் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும். நல்ல பக்கம் எவ்வளவு, கெட்ட பக்கம் எவ்வளவு என்று எழுதுங்கள். அனுமதித்த எல்லை எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், புத்தகத்தில் இருக்கும். ஆனால் புத்தகம் இல்லாமலே இரண்டு முள்ளின் வித்தியாசம் கதை சொல்லிவிடும்.

கெட்ட பக்கம் வேக்குவம் அதிகம் என்றால் கேஜுக்கு முன்னால் எங்கோ அடைப்பு. ஃபில்டர், வால்வு, உள்ளே தோல் உரிந்த ஹோஸ், டேங்குக்குள் உறிஞ்சும் குழாயின் நுனியில் இருக்கும் சல்லடை, டேங்கின் காற்றுத்துளை, இவற்றில் ஒன்று. வேக்குவம் சாதாரணமாக இருந்தும் எஞ்சின் பட்டினி என்றால் அடைப்பு கேஜுக்குப் பின்னால், அதாவது ஃபீட் பம்ப் பலவீனம் அல்லது எஞ்சின்மேல் இருக்கும் இரண்டாவது ஃபில்டர். வேக்குவம் குறைவாக, முள் ஆடிக்கொண்டே இருந்தால் லைன் ஏர் எடுக்கிறது.

ஏர் எடுப்பதைக் கண்டுபிடிக்கச் சிலர் டீசல் சொட்டுகிறதா என்று துணியை வைத்துத் துடைத்துப் பார்ப்பார்கள். உறிஞ்சுகிற பக்கத்தில் ஓட்டை இருந்தால் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அதற்குத் தெளிவான டீசல் ஹோஸ் ஒரு முழம் வாங்கி, ஃபீட் பம்புக்கு முன்னால் தற்காலிகமாக மாட்டி, டார்ச் அடித்துப் பாருங்கள். குமிழ் வரிசையாக ஓடுவது கண்ணுக்கே தெரியும். வழக்கமான குற்றவாளி ஃபில்டர் மூடியின் ஓ-ரிங். பழையது மூடியில் ஒட்டிக்கொண்டிருக்க, அதைக் கவனிக்காமல் மேலேயே புதியதையும் போட்டு இறுக்கியிருப்பார்கள். அடுத்தது டீசல் குழாயை இணைக்கும் பேஞ்சோ போல்ட்டின் செம்பு வாஷர், ஒருமுறை நசுங்கியதையே திரும்பப் போட்டது.

டேங்கின் காற்றுத்துளையைச் சோதிக்கக் கருவியே வேண்டாம். எஞ்சின் இளைக்கத் தொடங்கும்போது டீசல் ஊற்றும் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்றை இழுத்து, இரண்டு நிமிஷத்தில் சுற்று ஏறிவிட்டால் துளை அடைத்திருக்கிறது. குளவி கூடு கட்டியிருக்கும், அல்லது பெயின்ட் அடித்தவன் சேர்த்து அடித்திருப்பான்.

இவ்வளவுக்கும் பிறகும் சந்தேகம் என்றால் கேன் சோதனை. சுத்தமான டீசல் கேனை அசையாமல் கட்டி, டர்போ சூட்டுக்குத் தள்ளி வைத்து, அதிலிருந்து எஞ்சினுக்கு நேராக லைன் கொடுங்கள். எஞ்சின் எரிக்காமல் திருப்பி அனுப்பும் டீசலின் ரிட்டர்ன் லைனையும் அதே கேனுக்குள் விட வேண்டும், இல்லாவிட்டால் கேன் கண்மூடித் திறப்பதற்குள் காலி. 300 குதிரைத்திறன் டீசல் எஞ்சின் முழு வேகத்தில் நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் எரிக்கும். 20 லிட்டர் கேனில் ஐந்து நிமிஷம் ஓட்டினால் பதில் தெரிந்துவிடும். கேனில் முழுச்சுற்று வந்தால் எஞ்சின் சுத்தம், படகின் டேங்கும் லைனும்தான் குற்றவாளி. ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனி டேங்க் இருந்து நடுவில் மாற்றுவால்வும் இருந்தால் கேன்கூட வேண்டாம், கெட்ட எஞ்சினுக்கு நல்ல பக்கத்து டேங்கிலிருந்து கொடுத்துப் பாருங்கள். ரிட்டர்ன் எந்த டேங்குக்குப் போகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க லாரியில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் சூட்டை அளப்போம். படகில் அது உதவாது. மேனிஃபோல்டைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது, எல்லா இடமும் ஒரே சூடுதான் காட்டும். பழைய மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினில், ஐடிலில், ஒவ்வொரு நாசில் லைனின் நட்டையும் கொஞ்சம் தளர்த்தி, சத்தம் மாறுகிறதா என்று கேட்கலாம். மாறாத சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. கண்ணாடி, கையுறை அவசியம். காமன் ரெயில் எஞ்சினில் (எல்லா நாசிலுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) இதைக் கனவிலும் செய்யாதீர்கள். அங்கே அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல். அந்தத் தாரை தோலைத் துளைத்து டீசலை உடம்புக்குள் ஏற்றும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், கையையே எடுக்க வேண்டி வரலாம். அப்படிப் பட்டுவிட்டால் வலியில்லை என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த எஞ்சின்களுக்கு ஸ்கேனர்தான் வழி.

ஸ்கேனர் என்றதும் இன்னொன்று. எலக்ட்ரானிக் எஞ்சின் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். தண்ணீர் சூடு, ஆயில் பிரஷர், டீசலில் தண்ணீர், சென்சார் கோளாறு, எதுவாக இருந்தாலும் கம்ப்யூட்டர் பயந்து கையைக் கட்டிவிடும். கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறுக் குறியீட்டை (கோட்) எடுத்துப் படிக்காமல் அந்த எஞ்சினில் எதையும் கழற்றக் கூடாது. பேட்டரி டெர்மினலும் எர்த் வயரும் பச்சை பூத்திருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள்.

காற்றும் எக்ஸாஸ்ட்டும்

கரும்புகை வரும் எஞ்சினுக்கு இந்தப் பக்கம். முதல் சோதனை, கடலில் முழு வேகத்தில் போகும்போது எஞ்சின் அறை மூடியைத் திறப்பது. சுற்று ஏறினால் அறைக்குக் காற்று போதவில்லை. திறக்கும்போது ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் லுங்கி, துண்டு, தொங்கும் கயிறு எதுவும் வேண்டாம். பெட்ரோல் எஞ்சின் படகில் எஞ்சின் அறையைத் தொடுகிற எந்த வேலையும் வேறு கணக்கு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடியில் தேங்கி நிற்கும். ஸ்டார்ட் செய்யும் முன் ப்ளோயரை (ஆவியை வெளியே தள்ளும் விசிறி) குறைந்தது நான்கு நிமிஷம் ஓட்டி, மூக்கால் முகர்ந்தும் பார்த்துவிட்டுத்தான் சாவி.

அப்புறம் ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து ஆஃப்டர்கூலருக்கு (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் பெட்டி) போகும் ஹோஸ், கிளாம்ப். ஹோஸின் அடிப்பக்கத்தில் கிழிசல் இருந்தால் மேலிருந்து பார்த்தால் தெரியாது, கையால் தடவிப் பார்க்க வேண்டும். விட்டுப்போன கிளாம்ப் அருகே எண்ணெய்க் கறை படிந்திருக்கும். பூஸ்ட் கேஜ் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டுவது) இருந்தால் இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். ஒரே லோடில் ஒரு பக்கம் பூஸ்ட் குறைந்தால் டர்போவைக் குற்றம் சொல்லும் முன் ஹோஸ், ஆஃப்டர்கூலர், எக்ஸாஸ்ட் மூன்றையும் முடித்துவிடுங்கள்.

எக்ஸாஸ்ட்தான் லாரிக்காரர்கள் யோசிக்காத இடம். டர்போவுக்குப் பிறகு புகையோடு கடல்நீர் கலக்கிற முழங்கை ஒன்று இருக்கும். சூடான புகை, உப்புத் தண்ணீர், இரும்பு மூன்றும் சந்திக்கிற இடத்தில் கரியும் துருவும் ஏறி, உள்ளே வழி குறுகிக்கொண்டே வரும். வெளியே பெயின்ட் பளபளக்கும். ரப்பர் எக்ஸாஸ்ட் ஹோஸின் உள்தோல் உரிந்து மடிந்து வழியை மறைப்பதும் உண்டு, வெளியே அழுத்திப் பார்த்தால் கெட்டியாகவே இருக்கும்.

இதை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. தெளிவான பிளாஸ்டிக் குழாயை 'ப' எழுத்து வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதிவரை தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனை திறந்திருக்கட்டும். மறுமுனையை டர்போவுக்குப் பின்னால், தண்ணீர் கலப்பதற்கு முன்னால் உள்ள துளையில் இணைக்க வேண்டும். அங்கே புகை கொதிக்கும், அதனால் எஞ்சின் பக்கம் இரண்டு மூன்று அடி செம்புக் குழாய் போட்டு, ஆறிய முனையில் பிளாஸ்டிக்கை மாட்டுங்கள். முழு லோடில் ஒரு பக்கத் தண்ணீர் இறங்கும், மறுபக்கம் ஏறும். இரண்டு மட்டத்துக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் எக்ஸாஸ்ட் அழுத்தம். ஒரு மீட்டர் வித்தியாசம் ஏறக்குறைய 0.1 பார். புத்தகத்தில் பாதரச அங்குலத்தில் கொடுத்திருந்தால், ஒரு பாதரச அங்குலம் 13.6 தண்ணீர் அங்குலம். இரண்டு எஞ்சினிலும் எடுங்கள். நல்ல எஞ்சினைவிடக் கெட்டதில் தண்ணீர் மிக உயரமாக ஏறினால் முழங்கையைக் கழற்றிவிடலாம்.

இந்த வேலைகளுக்கு நடுவில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் திரும்பத் திரும்ப செல்ஃப் அடிக்க வேண்டி வந்தால் கடல்நீர் வால்வை மூடிவிடுங்கள். செல்ஃப் சுற்றும்போது கடல்நீர் பம்ப் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும், வெளியே தள்ளப் புகை இல்லை. தண்ணீர் சைலன்சரில் நிரம்பி, வால்வு வழியாக சிலிண்டருக்குள் போய்விடும். புல்லிங் புகாருக்கு வந்த படகு எஞ்சின் பிரிக்கிற வேலையாக மாறுவது இப்படித்தான். ஸ்டார்ட் ஆனதும் உடனே வால்வைத் திறக்க வேண்டும், மறந்தால் பம்பின் ரப்பர் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம்) பொசுங்கிவிடும். பொசுங்கிய இம்பெல்லரின் இறக்கைத் துண்டுகள், கடல்நீரால் எஞ்சின் தண்ணீரைக் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும். புதிதாகப் போட்டதோடு விடாமல், பழையதில் எத்தனை இறக்கை காணாமல் போனதோ அத்தனையையும் தேடி எடுங்கள்.

தண்ணீருக்குக் கீழே

எஞ்சின் முழுச்சுற்று வருகிறது, படகு மட்டும் போகவில்லை என்றால் எஞ்சினை விட்டுவிடுங்கள். கியர்பாக்ஸ் வழுக்குகிறது அல்லது புரொப்பெல்லருக்கு ஏதோ ஆகிவிட்டது. அதே ஒளி டாக்கோமீட்டரால் ஷாஃப்டையும் அளக்கலாம். கியர் விகிதம் 2:1 என்றால் எஞ்சின் 2,000-ல் ஷாஃப்ட் 1,000 சுற்ற வேண்டும். குறைந்தால் கியர் வழுக்கல். கியர் ஆயில் மட்டத்தையும் பாருங்கள், கருகிய வாசம் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

மாறாக எஞ்சின் கஷ்டப்படுகிறது என்றால், இரண்டு எஞ்சினையும் நிறுத்தி, சாவிகளை உங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நியூட்ரலில் இரண்டு ஷாஃப்டையும் கையால் சுற்றிப் பாருங்கள். கையே வித்தியாசத்தைச் சொல்லும். இறுகியிருந்தால் கயிறு, தேய்ந்த அடி பேரிங், அதிகமாக இறுக்கிய கிளாண்ட் (ஷாஃப்ட் வழியாகத் தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் அடைப்பு), அல்லது அலைன்மென்ட் (எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் இருப்பது) தவறியது. அலைன்மென்டுக்கு, ஷாஃப்டையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கப்ளிங்கின் போல்ட்டைக் கழற்றி ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நான்கு பக்கமும் விட்டுப் பார்க்க வேண்டும். கப்ளிங்கின் விட்டத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு தவு, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் இடைவெளி வித்தியாசம் இருக்கலாம். கரையில் தூக்கி வைத்துப் பார்த்த அலைன்மென்ட் செல்லாது. தண்ணீரில் இறங்கியதும் படகின் உடம்பு வேறு மாதிரி உட்காரும், அங்கேதான் அளக்க வேண்டும்.

புரொப்பெல்லரைப் பார்க்கத் தண்ணீரில் மூழ்கிப் பார்க்கிற ஆள் இறங்கினால் கேமராவோடு இறங்கச் சொல்லுங்கள். வளைகுடாவின் வெதுவெதுப்பான தண்ணீரில் நின்ற படகுக்கு பார்னக்கிள் சீக்கிரம் பிடிக்கும். இலையில் கொஞ்சம் பிடித்தாலே சுற்றை நன்றாக இழுத்துவிடும். அடிப்பாகத்தைச் சுத்தம் செய்துவிட்டு புரொப்பெல்லரை விட்டுவிடுகிறார்கள், அதைத்தான் முதலில் சுரண்ட வேண்டும்.

மாற்றிப் போட்டுப் பார்ப்பது

இரண்டு எஞ்சின் இருப்பதன் பெரிய லாபம், பாகத்தை வாங்காமலே சோதிக்கலாம் என்பது. ஃபீட் பம்ப், சென்சார், நாசில் என்று சந்தேகப்பட்டதை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றுங்கள். கோளாறு கூடவே போனால் குற்றவாளி அதுதான். ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. நான்கை ஒரே நாளில் மாற்றிவிட்டு "சரியாயிடுச்சுண்ணா" என்று சொல்கிற பையனுக்கு எது சரியானது என்று தெரியாது, அடுத்த தடவை ஓனருக்கு நான்கின் பில்லும் போகும்.

மாற்றக் கூடாததும் உண்டு. இரட்டை எஞ்சின் படகில் இரண்டு புரொப்பெல்லரும் வழக்கமாக எதிரெதிர் திசையில் சுற்றும். வலப்பக்கத்தது இடப்பக்கத்துக்கு ஆகாது. காமன் ரெயில் நாசில்கள் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீட்டு எண் (கோட்) உண்டு, கம்ப்யூட்டரில் எழுதாமல் இடம் மாற்றினால் புதிய கோளாறு தொடங்கும். ஓடி முடித்த சீல், வாஷர், ஓ-ரிங் எதையும் மாற்றிப்போடுவதில் அர்த்தமில்லை, புதியது போடுங்கள்.

நடுக்கடலில் ஒரு எஞ்சினை நிறுத்திவிட்டு மற்றதில் கரைக்கு வர நேர்ந்தால் ஓடுகிறதற்கு முழு ரேஸ் கொடுக்காதீர்கள். தனியாக இழுக்கும்போது அது சுமைக்குக் கீழே திணறும். நிறுத்திய பக்கத்து ஷாஃப்ட் தண்ணீர் வேகத்தில் தானாகச் சுற்றும். சில கியர்பாக்ஸுக்கு எஞ்சின் ஓடினால்தான் ஆயில் கிடைக்கும், அந்த வகையில் ஷாஃப்டைப் பூட்டச் சொல்லிப் புத்தகத்திலேயே இருக்கும்.

வேலை முடிந்ததும் டேங்க் நிரப்பி, வழக்கமாக ஏறுகிற ஆட்களை ஏற்றி, காற்றோடு ஒருமுறையும் எதிர்க்காற்றில் ஒருமுறையும் முழு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். இரண்டு எஞ்சினும் புத்தகத்தில் சொன்ன சுற்றைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் வேலை முடியவில்லை.

அப்புறம் எனக்குப் போன் பண்ணுகிறவர்களுக்கு. எஞ்சின் அறைக்குள் நின்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பாதீர்கள், இரைச்சல் தவிர எதுவும் கேட்பதில்லை. ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, இடது எஞ்சின் ஒரு பக்கம், வலது எஞ்சின் ஒரு பக்கம் எழுதுங்கள். நியூட்ரலில் உச்சச்சுற்று, லோடில் உச்சச்சுற்று, 1,500-ல் லீவர் நிற்கும் இடம், வேக்குவம், பூஸ்ட், தண்ணீர்க்குழாய் உயரம், புகையின் நிறம், கடைசியாக மாற்றிய ஃபில்டரின் தேதி. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் பதில் சொல்லிவிடுவேன். மாம்பழ சீசன் என்றால் இரவு ஆகும்.